பாதுகாப்புப் பயிற்சியில் வழுக்கி விழும் தொழிலாளி

மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளுக்காக ஆலைகளில் போடப்படும் குறுநாடகங்களும், புதிதாகச் சேர்வோருக்கு முதல் நாள் காட்டப்படும் பயிற்சிப் படங்களும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் உத்தியைக் கடன் வாங்குவது வழக்கமாகிவிட்ட நிலையில், அக்கடனின் பயனையும் எல்லையையும் பாதுகாப்புத் துறையினர் எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது. அடிபடுதல், இடறுதல், வழுக்கி விழுதல் ஆகியவற்றால் சிரிப்பூட்டும் உடல்வழி நகைச்சுவையை மேலைநாட்டார் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பர். இத்தாலிய நாடக மேடையில் கோமாளிகள் வைத்திருந்த ஒரு கட்டையைக் குறித்த சொல் அது. இரண்டு மெல்லிய பலகைகளை இணைத்துச் செய்த அக்கட்டையால் மெல்லத் தட்டினாலும் பலகைகள் தமக்குள் மோதிப் பேரொலி எழும், அடி வாங்கியவருக்கோ வலிக்காது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இந்த நகைச்சுவைக்குத் தனி மதிப்பு உண்டு. தமிழரோடு ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தவரும் ஒரே ஷிப்டில் நிற்கும் இடத்தில், விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ போன்ற பகடி, மொழியையும் பகடிக்குள்ளான படத்தையும் அறியாதவரைச் சென்று சேராது. ரோவன் அட்கின்சன் 1990 முதல் 1995 வரை நடித்த ‘மிஸ்டர் பீன்’ தொடருக்கோ பேச்சே ஏறத்தாழத் தேவைப்படவில்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு நிறுவனங்கள் 1998 முதல் வெளியிட்டுவரும் ‘நாப்போ’ என்னும் சொல்லற்ற அசைவுப்படத் தொடரும் இதே வழியில் தொழிலாளரை எட்டுகிறது.

எல்லை, சிரிப்பின் இயல்பிலேயே இருக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. விழுபவரைக் கண்டு எழும் சிரிப்பு இவற்றுள் எள்ளலையும் பேதைமையையும் பற்றியே நிற்கிறது. பார்ப்பவர், தாம் அத்தகைய பேதை அல்லர் என்ற நிம்மதியோடு எழுந்துபோகிறார். ஆனால் பவர் பிரஸ்ஸில் விரலை இழப்போர் பேதைகள் அல்லர். உற்பத்தி இலக்கை எட்டுவதற்காக, தொழிலாளர் ‘கார்டு’ என்று சொல்லும் இயந்திரக் காப்பு கழற்றப்பட்டிருக்கும், அல்லது இரு கைகளும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி அமைத்த இரட்டைப் பொத்தான்களில் ஒன்று நிரந்தரமாக அழுத்திவைக்கப்பட்டிருக்கும். இயங்கும் அபாயகரமான பாகங்களுக்கு உறுதியான காப்பிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதித்ததும், தொழிலாளியின் கவனத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதால்தான். கவனக்குறைவைக் கேலி செய்யும் குறுநாடகம், நிர்வாகத்தின் கடமையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது. இது நகைச்சுவையின் குறை என்பதைவிட எழுதுபவரின் குறை என்பதே பொருந்தும்.

சார்லி சாப்ளின் 1936இல் எடுத்த ‘மாடர்ன் டைம்ஸ்’ வேறு வழியைக் காட்டுகிறது. அதில் வரும் தொழிலாளி நட்டு முடுக்கும் கையசைவை நிறுத்த முடியாமல் தவிப்பதைக் கண்டு அரங்கம் சிரித்தாலும், அதற்கு முன்பே முதலாளி ஓடுபட்டையின் வேகத்தைக் கூட்டச் சொல்வதை அது பார்த்துவிடுகிறது. ஆகையால் சிரிப்பு மனிதரைவிட்டு வேகத்தின் மேல் பாய்கிறது.

தொடர் என்ற வடிவத்துக்கே உரிய இன்னொரு எல்லையும் உண்டு: இந்த வாரம் மாடியிலிருந்து விழுந்தவர் அடுத்த வாரம் காயமின்றி வருவார். தரையில் சிந்திய எண்ணெய், வழியில் கிடக்கும் தட்டுமுட்டு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல இவ்வடிவம் போதும். பிரஸ், மின்சாரம், தொட்டிக்குள் இறங்கும் வேலை ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது.

வரும் மார்ச்சுக்குக் குறுநாடகம் எழுதவிருக்கும் பாதுகாப்பு அலுவலர்கள், விரலை இழந்தவரோடு, கார்டைக் கழற்றச் சொன்னவரையும் மேடையேற்ற வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.