கல்வெட்டு மாதிரி எழுதுங்கள்



நவல்பட்டு ஐடி பார்க் முதல் பெங்களூரு வரை மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் நிறையப் பேர். அவர்களில் இருவருக்குள் ஒரு வாக்குவாதம். டீபக்கர் போன்ற கருவிகளை இனி ஏஐ ஏஜென்ட்களும் இயக்கப் போகின்றன. அவற்றுக்கென்று தெளிவாகக் குறிப்பு எழுத வேண்டுமா? "அதுக்கே எல்லாம் தெரியும் சார், எதுக்கு மெனக்கெடணும்?" என்கிறான் ஒருவன். எழுதியே ஆக வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. நான் அவள் கட்சி.

டீபக்கர் என்றால் என்ன என்று கேட்கும் அத்தை, சித்தப்பாக்களுக்கு: ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே பிழை என்று பார்க்க உதவும் கருவி. வைத்தியர் நாடி பிடிப்பது போல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. (பொருளாதார ஜிடிபி வேறு!)

அதில் 'பிரிண்ட்' என்றொரு கட்டளை. பெயரைப் பார்த்தால் மதிப்பைக் காட்டும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் 'பிரிண்ட் எக்ஸ் = 5' என்று கொடுத்தால், ஓடும் புரோகிராமில் எக்ஸின் மதிப்பையே 5 ஆக மாற்றிவிடும். நாடி பார்க்கப் போன கை ஊசியும் போட்டுவிடுகிறது. இன்னொன்று: சில கட்டளைகளுக்கு முன் 'ஆமா, இல்லையா?' என்று ஜிடிபி கேட்கும். எதிரே மனிதர் தட்டச்சு செய்யும் முனையம் இல்லாமல் வேறொரு புரோகிராம் பேசினால், 'ஆம்' என்று தானே வைத்துக்கொண்டு போய்விடும். மனிதருக்கு வைத்த காவல் இயந்திரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஜிடிபி பழைய கருவி, ஏஜென்ட் அதைப் பற்றிப் படித்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். போன மாதம் உங்கள் அலுவலகத்தில் உருவாக்கிய கருவியைப் பற்றி அது எங்கே படித்திருக்கும்? ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஏஜென்ட் அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. அந்த விளக்கம் அரைகுறை என்றால் வேலையும் அரைகுறைதான்.

வரலாற்று வாத்தியாரிடம் நியாயம் கேட்டால் பேச்சு கல்வெட்டுக்குத்தான் போகும். நம் ஸ்ரீரங்கம் கோயிலிலேயே 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் விளக்குத் தானங்களைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. நாளுக்கு ஓர் உழக்கு நெய். எந்த உழக்கு? 'ஆடவல்லான்' என்னும் அளவையால் அளந்தது. ஆடு செத்தால்? கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. கிழடும் செத்ததும் போனாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்று பொருள். எழுதியவர்களைத் திருப்பிக் கேட்க முடியாத வாசகனை நினைத்து எழுதியது அது. ஏஜென்ட்டும் பெரும்பாலும் அப்படிப்பட்ட வாசகன்தான். புரியாத இடத்தில் ஊகித்துக்கொண்டு நடக்கும்.

ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் இவற்றைச் சொல்லுங்கள். என்ன செய்யும்? எதையாவது மாற்றுமா, வெறுமனே பார்க்குமா? 10 என்றால் பத்தா, பதினாறடிமான முறையில் பதினாறா? தோற்றால் என்ன பதில் வரும்? செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? இவ்வளவு போதும். அடிஷனல் ஷீட் வாங்கி நிரப்பியவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. ஏஜென்ட்டுக்கும் ஒரே நேரத்தில் படித்து மனதில் வைக்க ஓர் எல்லை உண்டு.

"இயந்திரத்துக்காக இவ்வளவு உழைப்பா?" என்று கேட்கலாம். லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும், வீட்டில் முதல் பட்டதாரியாக வேலைக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கருவியின் சூட்சுமமெல்லாம் சீனியர்களின் தலைக்குள் இருக்கிறது. இங்கிலீஷில் கேட்கக் கூச்சம். கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற பயம். அந்தப் பிள்ளைக்காக எழுதி வைக்க இத்தனை வருஷம் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இன்று ஏஜென்ட்டுக்காகவாவது எழுதுகிறார்களே! அதே பக்கத்தைப் படித்து அந்தப் பிள்ளையும் தலைநிமிரும். எழுதாமல் விட்டு, ஏஜென்ட் எதையாவது கெடுத்து வைத்தால், இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்யப் போவதும் அநேகமாக அந்தக் கடைசி ஜூனியர்தான்.

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். குறிப்பை எழுதி முடித்ததும், அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சந்தேகம் கேட்டு உங்களுக்கு போன் செய்தால், குறிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த எதிர்க்கட்சித் தம்பியும் தாராளமாக வரலாம்.