போக்கிய வீடும் பதினொரு மாதத் தாளும்

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளிக்கு வீட்டு உரிமையாளர் என்று தனியே ஒருவர் இருந்ததில்லை. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இங்கே சுரங்கம் நடத்தத் தொடங்கிய காலம் முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, வேலை கொடுத்த கம்பெனியே 'லைன்' வீட்டையும் கொடுத்தது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த அந்த லைன்களில் அண்டை வீட்டாரின் வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்தது. அருமையான பழக்கம்தான். ஆனால், இன்று ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இலட்சக்கணக்கில் பணம் கைமாறும்போதும் அதே பழக்கம் தொடர்வதுதான் நமக்குக் கவலை தருகிறது.

விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புவோர் இங்கு ஏராளம். அங்குள்ள வாடகை கட்டாது என்பதே காரணம். அவர்களில் பலர் இங்கே மாத வாடகைக்குப் போவதில்லை, 'லீசு'க்குப் போகிறார்கள். பெரியவர்கள் இதைப் போக்கியம் என்பார்கள். ஒரு மொத்தத் தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கலாம். காலி செய்யும்போது தொகை முழுவதும் திரும்பி வரும்.

கணக்கு கவர்ச்சியானது என்பதை மறுக்க மாட்டோம். மூன்று இலட்ச ரூபாயை 6 விழுக்காடு வட்டியில் வைப்பாக வைத்தால் ஆண்டுக்குக் கிடைப்பது 18,000 ரூபாய். அதாவது மாதம் 1,500. அந்த வட்டியை விட்டுக்கொடுப்பதே குடியிருப்பவர் தரும் உண்மையான வாடகை. ஆனால், அதே மூன்று இலட்சம் பிணை ஏதுமின்றி ஒரு தனிமனிதருக்குக் கொடுத்த கடனும் ஆகும். நம் வங்கியில் ஒருவர் வந்து அப்படிக் கடன் கேட்டால் எத்தனை தாள்களைக் கேட்போம்! ஓய்வூதியப் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் கொடுப்பவர் கேட்பதோ ஒரே ஒரு தாள். அதுவும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி அது. வாயில் போக்கியம், தாளில் வாடகை!

உரிமையாளர் அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் வாங்கியிருந்து, தவணை தவறினால் என்ன ஆகும்? 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். அடமானத்தில் உள்ள வீட்டை வாடகைக்கு விடச் சொத்து மாற்றுச் சட்டம் அனுமதித்தாலும், நியாயமான வாடகை பெற வேண்டும், முன்கூட்டி மொத்தத் தொகை வாங்கக் கூடாது, மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. போக்கியம் இரண்டாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடுகிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் காட்டி ஓராண்டுக்கு மேல் அத்தகைய வீட்டில் இருக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. வீடு போகும், கொடுத்த தொகைக்கு உரிமையாளர் பின்னால் அலைய வேண்டும். அவரோ ஏற்கெனவே கடனில் மூழ்கியவர்.

ஆகவே, பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். வங்கி அடமானங்களைப் பதிந்து வைக்கும் செர்சாய் என்னும் மையப் பதிவேட்டிலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். பழைய லைன் வீடானால், கொடுப்பவருக்கு உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. பல ஆண்டுகள் குடியிருந்ததால் மட்டும் ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார். தொகை பெரிதாயின் போக்கிய அடமானமாகவே எழுதிப் பதிவு செய்து கொள்வது மேல். வில்லங்கமில்லாத வீட்டின் மீது அப்படிப் பதிந்துகொண்டவர், பணம் திரும்பும் வரை வீட்டைத் தம்வசம் வைத்துக்கொள்ளலாம். முத்திரைச் செலவு உறுத்தத்தான் செய்யும். மூன்று இலட்சத்தை இழப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. தொகையைக் காசோலையாகவோ கணக்குப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுப்பதால், வாங்குபவருக்கும் அதுவே பாதுகாப்பு.

"என்னை நம்பவில்லையா, அண்ணா?" என்று உரிமையாளர் கேட்கலாம். லைனில் கூடப் பிறந்தவர்போல் வளர்ந்தவர் அப்படிக் கேட்கும்போது மறுமொழி சொல்வது கடினம். வங்கி கேட்கிறது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பழியை ஏற்க நமக்குத் தயக்கமில்லை.

வங்கிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டென்பது நம் கருத்து. வீட்டின் மீது கடன் கொடுக்குமுன் மதிப்பீட்டாளர் சுவரையும் கூரையையும் அளந்தால் போதாது. உள்ளே குடியிருப்பவர் யார், எவ்வளவு கொடுத்துக் குடிவந்தார் என்பதை அவரிடமே கேட்டு, அறிக்கையில் எழுதி, அவர் கையொப்பத்தையும் பெற வேண்டும். அரை மணி நேர வேலை அது.