எட்டாம் வகுப்போடு நிற்கும் பெண்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களில் பலர், குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்திருக்கிறார்கள். அங்கே மகள் எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். பிறகு ஒருநாள் ஊரிலிருந்து போன் வருகிறது: "படித்தது போதும், நிறுத்திவிடலாமா?" ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில் தகப்பனார் "உங்கள் இஷ்டம்" என்கிறார். அத்துடன் அவள் படிப்பு முடிந்தது.

எட்டோடு நிற்பானேன்? சட்டமே அங்கேதான் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். நடுநிலைப் பள்ளி பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளியோ 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது அரசின் அளவுகோல். டில்லியில் உட்கார்ந்து எழுதுவோருக்கு இது சிறு தூரம். மாலைப் பஸ் தவறினால் இருட்டில் நடக்க வேண்டிய 14 வயதுப் பெண்ணுக்கு அப்படியல்ல. அவள் பெரியவளாகும் பருவமும் அதுவே. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாவிட்டால் மாதத்தில் சில நாள் வீட்டோடு இருந்துவிடுகிறாள். பாடம் விட்டுப்போகிறது. பரீட்சையில் மார்க் குறைந்ததும், "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்ற பேச்சு கிளம்புகிறது.

வீட்டிலும் வேலைக்குக் குறைவில்லை. தாய் பீடி சுற்றினால் இலை வெட்ட ஒரு கை வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று வருஷம் நூற்பாலையில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டிய தரகர்கள் வந்ததும் இத்தகைய வீடுகளுக்குத்தான். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களமான பெயர் வேறு! உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. தமிழகத்தில் இலவச சைக்கிள் உண்டு. ஆனால் 11ஆம் வகுப்பில்தான் கிடைக்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், மேற்படிப்புக்குப் போனவளுக்கு. எட்டோடு நின்றவளுக்கு இரண்டும் இல்லை. பின்தங்கிய மாநிலம் என்று நம்மவர்கள் இளப்பமாகப் பேசும் பீகார், 2006இலேயே 9ஆம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் அதனால் அதிகப் பெண்கள் படிக்க வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டனர். தமிழக அரசும் சைக்கிளை இரண்டு வகுப்பு முன்னதாகத் தர வேண்டும். பள்ளி விடும் நேரத்துக்குப் பஸ் வரவும் வழி செய்ய வேண்டும்.

அதுவரை ஊர்ப் போனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இங்கே இருக்கும் தகப்பனார்தான். மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் பேச்சுக்கு வீட்டில் மரியாதை உண்டு. கோடை லீவுக்கு ஊர் போகிறவர்கள், பள்ளி திறந்து இரண்டு நாள் கழித்துத் திரும்பும்படி டிக்கெட் எடுக்கலாம். மாற்றுச் சான்றிதழை வாங்கி மகளை ஒன்பதாம் வகுப்பில் தாமே சேர்த்துவிட்டு, பஸ் நேரத்தை விசாரித்து, அதே வழியில் போகும் பக்கத்துத் தெருப் பெண்களோடு அவளைக் கூட்டுச் சேர்த்துவிட்டு ரயில் ஏற அந்த இரண்டு நாள் போதும்.