பதில் சொன்னவர்கள் யார்?

கல்லூரிகளின் தராதரத்தை நிர்ணயிக்கும் தேசிய மதிப்பீட்டு அவை, அதாவது கல்லூரி வட்டாரங்களில் 'நாக்' என்று வழங்கப்படும் ஸ்தாபனம், 2017-ஆம் ஆண்டு தன் முறைகளைத் திருத்தியமைத்தபோது, நிர்வாகத்தின் அறிக்கைகளையும் பார்வையாளர் குழுவின் அபிப்பிராயத்தையும் பெரிதும் சார்ந்திருந்த மதிப்பெண் கணக்கில் மாணவரின் வாக்குக்கும் ஓர் இடம் ஒதுக்கியது. மாணவர் திருப்தி ஆய்வு என்ற பெயரால் மின்னஞ்சலில் அனுப்பப்படும் அந்த வினாத்தாளில் 21 கேள்விகள் உண்டு. பாடத்திட்டத்தில் எவ்வளவு பகுதி வகுப்பில் நடத்தப்பட்டது என்பது முதற்கேள்வி. கற்றலும் கற்பித்தலும் மேம்பட மூன்று யோசனைகள் கூறுக என்பது கடைசி. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்த ஆய்வின் முடிவாக வரும் எண்ணை மாணவர் சமுதாயத்தின் தீர்ப்பு என்று நாம் ஏற்பதற்கு முன்னால், அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் எவர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அம்முறையின் விதிப்படி, ஓர் இணைப்புக் கல்லூரியில் மாணவர் தொகையில் 10 சதவீதத்தினரோ அல்லது 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் பதிலளித்தால் போதும். பல்கலைக்கழகமாயின் 10 சதவீதம் அல்லது 500 பேர். மூவாயிரம் பேர் பயிலும் கல்லூரியில் முப்பதில் ஒருவர் வாய் திறந்தால் ஆய்வு நிறைவெய்தியதாகக் கணக்கு. தொகை சிறியது என்பதற்காக மட்டும் நான் குறை சொல்லவில்லை. முறையாகத் தேர்ந்தெடுத்த நூறு பேர் மூவாயிரம் பேருக்காகப் பேசுவது சாத்தியமே. ஆனால் இங்கே எவரும் அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. அழைப்பு அனைவருக்கும் போகிறது, விரும்பியவர் எழுதுகிறார், விரும்பாதவர் விட்டுவிடுகிறார். ஒரு நிர்வாகம் தனக்கு இணக்கமான மாணவர்களை மட்டும் நிரப்பும்படி தூண்டினாலும், அந்தப் பாரபட்சத்தைக் காட்டிக்கொடுக்கும் உபாயம் எதுவும் வெறும் எண்ணிக்கை விதியில் இல்லை.

பிற தேசங்கள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2015-இல் 27 உயர்கல்வி நிலையங்களில் பாலியல் வன்முறை பற்றி நடத்திய ஆய்வில் ஒன்றரை லட்சம் மாணவர்களுக்கு மேல் பதிலளித்தும், அது அழைக்கப்பட்டவர்களில் 19.3 சதவீதமே ஆயிற்று. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகப் பதில் எழுதியிருந்தமையால், பாலினம், வயது, இனம், பயிலும் ஆண்டு ஆகியவற்றில் பதிலளித்தோரின் விகிதாசாரத்தை மொத்த மாணவரின் விகிதாசாரத்தோடு ஒப்பிட்டு, குறைந்த பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிட்டார்கள். அதன் பிறகும், பாதிக்கப்படாதவர்கள் ஆய்வில் சேராமல் ஒதுங்கியிருக்கக்கூடும், ஆகவே தங்கள் எண்கள் சற்றே உயர்ந்திருக்கலாம் என்று அறிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். பாலினத்தையும் வயதையும் எடை போட்டுச் சரிசெய்யலாம்; ஒருவரை எழுதத் தூண்டிய மனநிலையைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் இல்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

பிரிட்டனிலோ, இறுதியாண்டு மாணவர்களிடம் 2005 முதல் நடந்துவரும் தேசிய ஆய்வில், பாதிப் பேராவது பதிலளிக்காத இடத்தின் முடிவைத் தனியாக வெளியிடுவதில்லை என்ற நியமம் இருந்தது. 2017-இல் மாணவர் சங்கத்தின் பகிஷ்காரத்தால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அந்தப் பாதியை எட்டவில்லை. எத்தனை கீர்த்தி வாய்ந்தவையாயினும் அவ்வாண்டு அவற்றின் முடிவுகள் வெளிவரவில்லை.

நம் வினாத்தாளும் மாணவரை யார் என்று கேட்காமல் இல்லை. வயது, பாலினம், பயிலும் பட்டம், பாடப்பிரிவு ஆகிய நான்கையும் கேட்கிறது. நம் நாட்டுக் கல்லூரியில் ஒருவரின் அனுபவத்தை நிர்ணயிக்கும் மற்றச் செய்திகளையோ அது கேட்பதில்லை: குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவரா, பள்ளியில் தமிழ்வழி பயின்றவரா, விடுதியில் தங்குபவரா அல்லது விடியற்காலைப் பேருந்தில் வந்து மாலை வேலைக்கு ஓடுபவரா என்பவை அவை. ஆங்கிலத்தில் நடக்கும் ஒரே விரிவுரையை ஆங்கிலவழியில் படித்தவரும் தமிழ்வழியில் படித்தவரும் ஒரே விதமாகக் கேட்பதில்லை. ஆசிரியரை அணுகி ஐயம் தெளிவதற்கு வேண்டிய அவகாசமும் துணிவும் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. மின்னஞ்சலைத் திறந்து 21 கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதும் ஓய்வும் அவ்வாறே. கல்லூரி எவரிடம் அதிகமாகத் தவறுகிறதோ, அவரே ஆய்வில் அகப்படாமல் போவதற்கு அதிக ஏது உண்டு.

இந்தப் பிரிவுகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் அல்ல. முதல் பட்டதாரி என்பதற்குத் தமிழ்நாட்டில் வருவாய்த் துறை சான்றிதழே வழங்குகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்றவர் எவர் என்ற கணக்கைக் கல்லூரி அலுவலகங்களிலேயே சேர்த்து வைத்துள்ளன. உதவித்தொகை வழங்குவதற்குப் பயன்படும் விவரம், அதே மாணவருடைய அபிப்பிராயத்தை எடைபோடும்போது மட்டும் ஏன் மறக்கப்பட வேண்டும்?

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. இருபது பேர் பயிலும் ஒரு துறையில் இத்தனை விவரங்களையும் ஒருவர் குறித்துவிட்டால், பெயர் எழுதாமலே அவர் அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்ற பயமே உண்மையை அடக்கிவிடும். ஆகவே தனிப்பட்ட பதில்கள் கல்லூரியின் கைக்கு ஒருபோதும் போகக்கூடாது. பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவின் விவரத்தை எவருக்கும் வெளியிடக் கூடாது. இந்தக் காவலோடு கேட்பது கஷ்டமான காரியமன்று.

மதிப்பீட்டு முறைகளை மறுபடியும் மாற்றியமைக்கும் முயற்சி நடந்துவரும் இந்தத் தருணத்தில், அரசும் அவையும் செய்யவேண்டியது ஒன்றே. திருப்தி இத்தனை மதிப்பெண் என்று அச்சிடும் அதே பக்கத்தில், கல்லூரியில் பயில்வோர் எந்த விகிதாசாரத்தினர், பதிலளித்தோர் எந்த விகிதாசாரத்தினர் என்ற இரண்டு வரிகளையும் அருகருகே அச்சிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் கல்லூரி அந்த மதிப்பெண்ணைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பெரிதும் வேறுபட்டால், மதிப்பீட்டு அவை அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல், விடுபட்ட மாணவர்களிடம் மீண்டும் போய்க் கேட்க வேண்டும்.