ஒரு பகலுக்குள் அக்கரைப்பற்றுக்குப் போய் வரலாமா?

கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளுடன் கோடை விடுமுறைக்குக் கொழும்பு வந்திருக்கும் என் தங்கையின் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். பத்து நாள் பயணம். கண்டிக்கு இரண்டு நாள், எல்லவுக்கு இரண்டு நாள், காலிக்கு இரண்டு நாள் என்று விடுதிகளுக்கெல்லாம் அங்கிருந்தே பணம் கட்டியாயிற்று. மிஞ்சியிருந்தது ஒரேயொரு நாள். அதை அவன் தாய் பிறந்த ஆலையடிவேம்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான்.

"விடியச் சாமத்தில வெளிக்கிட்டா ராவைக்குத் திரும்ப ஏலும்தானே மாமா? புள்ளைகளுக்கு ஊரக் காட்டணும். அதோட கடலுலயும் கொஞ்ச நேரம் நிக்கணும்."

ஏலாது என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு குரல்களில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வருகிறவர்கள் மட்டுமன்றி, கொழும்பிலேயே வாழ்ந்தும் கிழக்குக் கரையைக் கண்டிராத நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். எனவே அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

வரைபடத்தில் இலங்கை சிறிய தீவு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே திரும்பி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பில் முடிகிறது ஏ4 நெடுஞ்சாலை. முழு நீளம் சுமார் 430 கிலோமீற்றர். அக்கரைப்பற்றுக்கு அதில் முந்நூற்று அறுபதுக்கு மேல் வரும். வெளிநாட்டில் நெடுஞ்சாலையில் ஓடிப் பழகியவர்களுக்கு இது நான்கு மணித்தியாலத் தூரமாகத் தோன்றும். மலைச்சரிவுகளில் வளைந்து, ஒவ்வொரு சந்தைப் பட்டினத்திலும் முச்சக்கரவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் வீதியில் கிலோமீற்றர் கணக்கு உதவாது. மணித்தியாலங்களைத்தான் எண்ண வேண்டும்.

2020 பெப்ரவரியில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை மத்தளை வரை நீண்டபின் நிலைமை ஓரளவு மாறியது உண்மை. சுற்றுப்பாதைதான் என்றாலும் மத்தளை வரை தடையின்றிச் செல்லலாம். அதன்பின் புத்தல, மொனராகலை வழியாகப் பொத்துவில். மருமகனின் கைத்தொலைபேசி ஏழு மணித்தியாலம் என்று காட்டியது இந்த வழிக்குத்தான். அந்தக் கருவிக்குப் பசி இல்லை, வயிற்றைப் பிரட்டும் பிள்ளை இல்லை, தேநீர்க்கடையில் நிறுத்தச் சொல்லும் மனைவியும் இல்லை. எட்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் முற்பகல் பதினொரு மணிக்கு ஊர். நள்ளிரவுக்கு முன் கொழும்பு திரும்புவதென்றால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. கையில் கிடைப்பது ஐந்து மணித்தியாலம். அதிலே உறவினர் வீட்டுச் சாப்பாடு இரண்டு மணித்தியாலத்தைத் தின்றுவிடும்; எங்கள் ஊரில் கைநனைக்காமல் எழுந்து வர விடமாட்டார்கள். எஞ்சிய மூன்று மணித்தியாலமும் உச்சி வெயில். மேற்குக் கரையில் பழகியவர்கள் மாலையில்தான் கடற்கரைக்குப் போவார்கள், சூரியன் அங்கே கடலில் விழுவதால். எங்கள் கடலில் சூரியன் எழுகிறது. விடியற்காலையில் கரைவலை இழுக்கும் நேரம்தான் அந்தக் கரைக்கு உயிர் வருகிற நேரம். அஸர் தொழுகைக்குப் பின் நிழல் நீளும்போது மீண்டும் சனம் கூடும். இடைப்பட்ட நேரத்தில் மணல் காலைச் சுடும். கரையில் நாய்கூடப் படுத்திராது. ஒரு நாளில் போய் வருகிறவர் பதினாறு மணித்தியாலம் வாகனத்தில் இருந்துவிட்டுச் சரியாக அந்த வெறுமையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இதைவிடப் பெரிய காரணம் வாகனம் ஓட்டுகிறவர். வாடகை வாகனத்துக்கு ஒரு சாரதிதான் வருவார். முதல்நாள் இரவு அவர் உறங்கினாரா என்று எவரும் கேட்பதில்லை. லாகுகல காட்டைக் கடக்கையில் பொழுது சாய்ந்திருக்கும். யானைகள் வீதிக்கு வரும் நேரம் அது. 2025 மே மாதம் கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற பஸ் விடிவதற்கு முன் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணம் உண்டு. எல்லாவற்றையும் சாரதியின் களைப்பில் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் இருட்டில் மலைவீதியில் இறங்கி வருகிற சுற்றுலா வாகனத்தில் என் தங்கையின் பேரப்பிள்ளைகள் இருப்பதை நான் விரும்பவில்லை. இதை அவனிடம் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை; இங்கே எழுதுகிறேன்.

அப்படியாயின் கொழும்புக்காரருக்கு அந்தக் கரை ஒரு நாளில் எட்டாததா? எட்டும். எங்கள் ஊர்ச்சனம் எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருவதைத் தலைகீழாகச் செய்தால் போதும்.

அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்தவர்களுக்குக் கொழும்பு என்பது இரண்டு இரவும் ஒரு பகலும் கொண்ட ஊர். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். விடிவதற்குள் புறக்கோட்டையில் இறங்கி, பள்ளிவாசலிலோ தெரிந்தவர் கடையிலோ முகம் கழுவி, கோப்புப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏதேனும் ஓர் அலுவலக வாசலில் நிற்பார்கள். வெளிநாட்டு வேலைக்கான பத்திரம், பட்டச் சான்றிதழை உறுதிப்படுத்தல், மகரகமவில் புற்றுநோய்க்கான சிகிச்சை. வேலை முடிந்தால் அன்றிரவே திரும்பும் பஸ். உல்லாசப் பயணம் என்ற சொல்லை இதற்கு எவரும் பயன்படுத்துவதில்லை. கடவுச்சீட்டுக்கு 2023இல் இணையவழி விண்ணப்பமும் பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் பதியும் ஏற்பாடும் தொடங்கிய பிறகு ஒரு சுமை குறைந்தது. மற்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

தொண்ணூறுகளின் நடுவில் என் அத்தான் ஓய்வூதிய விடயமாக ஒரு திணைக்களத்துக்கு வந்தார். அந்நாளில் வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். பயணப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்து மீண்டும் ஏற வேண்டும். பதினான்கு மணித்தியாலம் கழித்து வந்து சேர்ந்தவரிடம், கையெழுத்திடும் அதிகாரி லீவு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விடுதியில் தங்கப் பயம். தமிழ்ப் பெயரும் கிழக்கு மாகாண அடையாள அட்டையும் உள்ளவரை இரவில் எழுப்பி விசாரிப்பது அன்று வழக்கம். நேரே என் பத்திரிகைப் பணிமனைக்கு வந்தார். ஒப்புநோக்குநர் அறையின் வாங்கில் படுக்க வைத்தேன். அச்சியந்திரம் ஓடிய சத்தத்தில் அவர் உறங்கியிருக்கமாட்டார். மறுநாளும் வேலை முடியவில்லை. அத்தானுடைய இரண்டு பகலும் மூன்று இரவும் எந்தப் புள்ளிவிபரத்திலும் சேராமல் போயின.

புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. கல்முனைக்கு இன்னும் 40 கிலோமீற்றர். அதைப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சைத் தேர்தல்தோறும் நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். இந்நாட்டில் மிக நெருக்கமாகச் சனம் வாழும் கடற்கரைகளில் ஒன்று அது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது வெளியாருக்குத் தெரியாது. அத்தனை பேரும் தலைநகரத்து அலுவலை முடிக்க இரவுப் பஸ்சின் ஆசனத்தில் சாய்ந்தே போய் வருகிறார்கள். நகரத்தவர் ஒருவர் ஒரேயொரு தடவை அந்த இரவைக் கடந்து பார்த்தால் அந்த 40 கிலோமீற்றரைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டாகும் என்பது என் எண்ணம்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன திட்டம் இதுதான். வாடகை வாகனத்தை விட்டுவிடு. இரவு ஒன்பது பத்து மணியளவில் புறக்கோட்டையிலிருந்து அக்கரைப்பற்றுப் பஸ் புறப்படும். பெயர்ப்பலகையில் ஆலையடிவேம்பைத் தேடாதே, இராது; முஸ்லிம்கள் வாழும் அக்கரைப்பற்றும் தமிழர் வாழும் ஆலையடிவேம்பும் நிர்வாகத்தில்தான் இரண்டு, சந்தைக்கும் பஸ்சுக்கும் ஒன்று. விடியும்போது இறங்கலாம். பெரியம்மா வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே சின்னமுகத்துவாரத்துக்குப் போனால் சூரியன் எழுவதைப் பிள்ளைகள் காண்பார்கள். குளிப்பதாயின் ஊரவர் காட்டும் இடத்தில் மட்டும். முகத்துவாரத்தின் நீரோட்டம் புதியவரை மதிக்காது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு திசையை மட்டும் தெரிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் கெடும்.

தெற்கே என்றால் திருக்கோவில். சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தின் வாசலிலேயே கடல். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அந்தக் கரையில் கால்வைக்க இடமிராது. வடக்கே என்றால் கல்முனை வரை 27 கிலோமீற்றர் அளவு. வழியில் ஒலுவில் துறைமுகம். 2013இல் பெரும் ஆரவாரத்துடன் திறக்கப்பட்டு, நுழைவாயிலை மணல் அடைத்து, வணிகக் கப்பல் வராமல் போன துறைமுகம் அது. அதன் அலைதடுப்புகளுக்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்புகளைத் தின்றதை நேரில் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை ஆகிய ஊர்களின் கரைகளில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி நடந்தவற்றை எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடலோரத்து வெற்றுக் காணிகளே சொல்லும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அந்த அளவு இழப்பு இல்லை. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம். பேரம் பேசலாம், ஆனால் அதிகம் பேசாதே.

பிற வாசகர்களுக்காகச் சில சொற்கள். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்; ஜும்ஆ நேரத்தில் கடைத்தெரு அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் திறப்பதில்லை. அம்மாதத்தில் போகிறவர் மாலைவரை நின்று நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினால் பயணம் வீணாகாது. மிக முக்கியமானது, டிசம்பர் விடுமுறைக்குத் திட்டமிடாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் செய்யும் பிழை இது. காலியில் கடல் அமைதியாக இருக்கும் அதே மாதத்தில் கிழக்கில் வடகீழ்ப் பருவமழை, வெள்ளம், கொந்தளிக்கும் கடல். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையே எங்கள் கரைக்குக் காலம். கண்டி, மகியங்கனை வழியாக வர விரும்புகிறவர்கள் புறப்படுமுன் வீதி நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டு வீதிகளுக்குச் செய்த சேதம் சிறிதன்று. பஸ் ஒத்துவராதவர்கள் இரவுப் புகையிரதத்தில் மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகப் பஸ்சில் வந்தால் கல்முனை. முதியவர்களுக்கு அதுவே நல்லது.

நான் சொல்லி முடித்ததும் மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. இரண்டு இரவு பஸ்சில் என்பது அவன் மனைவிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பான். எல்லவில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு ஊரில் ஓர் இரவு தங்கலாமே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கட்டிய பணம் திரும்பாதென்று முன்பே சொல்லியிருந்தான். சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் குறுஞ்செய்தி வந்தது. செவ்வாய் இரவுக்கு நான்கு ஆசனங்கள் போட்டிருக்கிறானாம். பிள்ளைகளுக்குச் சாளரத்தோரம் நல்லதா, நடைபாதைப் பக்கம் நல்லதா என்று கேட்டிருந்தான். சாளரத்தோரம் கொடு, பலாங்கொடைக்கு மேல் குளிரும், போர்வை எடுத்துக்கொள் என்று எழுதினேன்.