நடுவானில் ஸ்டேஷன் இல்லை

நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து காபி வேளையில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "விமானத்தை இப்போது கம்ப்யூட்டரே ஓட்டிவிடுகிறதாமே சார், பைலட்டுக்கு என்ன வேலை? அதிலும் இரண்டு பேர் எதற்கு?" என்பார்கள். விவரம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அல்ல இது. விமானத் தொழிலில் கணக்குப் பார்ப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நீண்ட பயணத்தில் நடுவானில் ஒருவர் விழித்திருந்தால் போதும், மற்றவர் போய்ப் படுக்கட்டும் என்ற யோசனை ஐரோப்பாவில் ஆய்வு வரைக்கும் போயிற்று. ஒரு காலத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் புளியோதரைப் பொட்டலத்தோடு இரண்டு இரவு கழித்து ஊர் போய்ச் சேர்ந்த நாம், இன்று பேரன் பேத்திகளுடன் மூன்று மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்குகிறோம். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்தான்.

நான் விமானம் ஓட்டியவன் அல்லன். ரயில்வேயில் டிப்ளமா எஞ்சினியராகச் சேர்ந்து பிரேக் வேலையிலேயே தலை நரைத்தவன். ஆனால் குழாயில் அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும். அது இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். ஹோஸ் பைப் பிரிந்தாலோ, யாராவது சங்கிலியை இழுத்தாலோ அழுத்தம் இறங்கும், பிரேக் தானாகப் பிடிக்கும், வண்டி நிற்கும். கோளாறு என்றால் நிற்பது, அதுதான் ரயிலின் பாதுகாப்பு. பயணிகள் இறங்கி நின்று திட்டலாம், நாங்கள் டார்ச் லைட்டுடன் கசிவைத் தேடுவோம்.

விமானத்தில் காற்றுக்குப் பதில் எண்ணெய். இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைப்பது, சக்கரத்தை இறக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாம் ஹைட்ராலிக் எண்ணெயின் வேலை. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு. நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 210 கிலோ, ரயில் பைப்பைப் போல் நாற்பது மடங்கு. இந்த அழுத்தம் போனால் பலகை அசையாது. ஆனால் விமானம் நிற்காது, நிற்கவும் முடியாது.

அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் 320 ரகத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனி அமைப்புகள். பச்சைக்கு ஒரு எஞ்சினின் பம்ப், மஞ்சளுக்கு மற்ற எஞ்சினின் பம்ப், நீலத்துக்கு மின்சாரப் பம்ப். பச்சையில் அழுத்தம் குறைந்தால் மஞ்சளும், மஞ்சளில் குறைந்தால் பச்சையும் கைகொடுக்க நடுவில் ஓர் இயந்திரம் உண்டு. எண்ணெயைக் கடன் கொடுக்காது, அழுத்தத்தை மட்டும் கொடுக்கும். விமானம் கிளம்பும் முன் தரைக்கு அடியில் நாய் குரைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அது இதுதான். எல்லாம் போனால் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி இறங்கி, எதிர்க்காற்றில் சுழன்று நீலத்துக்கு உயிர் கொடுக்கும். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு டி.வி.யில் 'ராட்', 'ராட்' என்றார்களே, அந்த வகைக் காற்றாடி.

இவ்வளவும் தானாக நடக்கும்போது பைலட் எதைப் பார்க்கிறார்? எண்ணெயின் அழுத்தம், அளவு, சூடு. எல்லாம் சரியாக இருந்தால் தலைக்கு மேலுள்ள பலகை இருட்டாக இருக்கும். கோளாறு என்றால் மணி அடிக்கும், மஞ்சள் விளக்கு எரியும், நடுத்திரையில் அந்த அமைப்பின் படம் தானே வந்து நிற்கும். உடனே சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்பது முதல் பாடம். ஒருவர் விமானத்தைப் பறக்கவிடுவதை மட்டும் கவனிக்க வேண்டும். மற்றவர் திரையில் உள்ளதை உரக்கப் படித்து, சொல்லிச் செய்ய வேண்டும்.

ஏன் இந்த நிதானம்? பச்சையில் எண்ணெயே கசிந்து தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். கைகொடுக்கும் அந்த இயந்திரம் விவரம் அறியாமல், இல்லாத எண்ணெய்க்கு அழுத்தம் ஏற்றப் பார்த்துப் பேய் வேகத்தில் சுற்றும். மஞ்சளின் எண்ணெய் கொதித்து அதுவும் போகும். கடன்பட்ட தம்பிக்கு ஜாமீன் போட்ட அண்ணன் கதைதான். ஆகவே உதவியை நிறுத்துவதும் பைலட்டின் வேலைகளில் ஒன்று. வெறும் சூடு என்றால் கதை வேறு. பம்பை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கிடைக்கக் கூடும். பிறகுதான் பெரிய கேள்விகள். சக்கரத்தைக் கையால் சுழற்றி, தன் எடையில் விழவைக்க வேண்டுமா? எவ்வளவு நீள ஓடுபாதை வேண்டும்? டெல்லிக்கே திரும்புவதா, நாக்பூரா? பட்டியலைத் திரை கொடுக்கும். முடிவை அது எடுக்காது.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏர்பஸ் 380-ல் ஒரு எஞ்சின் வெடித்து, சிதறல்கள் இறக்கையைத் துளைத்தன. அந்த விமானத்தின் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்று போயிற்று. திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. அவற்றைப் படித்து முடிக்கவே சுமார் 50 நிமிடம் ஆயிற்று. தற்செயலாக அன்று காக்பிட்டில் ஐந்து பைலட்டுகள். 469 பேரும் பிழைத்தார்கள்.

அதற்கு முன் 1989 ஜூலை 19. அமெரிக்காவில் யுனைடெட் கம்பெனியின் டி.சி. 10 விமானம். வால் எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியதில் மூன்று அமைப்புகளின் எண்ணெயும் ஒருசேரப் போயிற்று. மூன்றின் குழாய்களும் வாலில் அருகருகே ஓடியதுதான் காரணம். மூன்று பூட்டுக்கும் சாவியை ஒரே ஆணியில் மாட்டியதுபோல! கேஜில் அழுத்தம் பூஜ்யம், அளவும் பூஜ்யம். புத்தகத்தில் இதற்கு வழியே எழுதப்படவில்லை. காப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய இரண்டு உதவியாளர்களும் போதாமல், பயணியாக வந்த, பைலட்டுகளுக்குப் பயிற்சி தரும் டென்னிஸ் ஃபிட்ச் உள்ளே வந்து இரண்டு த்ராட்டில்களையும் பிடித்துக்கொண்டார். இடது எஞ்சினைக் கூட்டி வலதைக் குறைத்து, வலதைக் கூட்டி இடதைக் குறைத்து, எஞ்சின் வேகத்தாலேயே விமானத்தைத் திருப்பினார்கள். சூ சிட்டியில் தரையில் மோதி உடைந்தது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிறகு அதே நிலையை சிமுலேட்டரில் வைத்துப் பார்த்த பைலட்டுகளால் பத்திரமாக இறக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு. அந்த டி.சி. 10-ல் கேஜ்களைக் கவனிக்கவென்றே மூன்றாவதாக ஒரு ஃபிளைட் எஞ்சினியர் இருந்தார். அந்த நாற்காலியை எடுத்தபோதும் பெரிய சண்டை நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதை மனிதனைவிட இயந்திரம் நன்றாகச் செய்யும், அதற்குக் கொட்டாவி வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சமிருக்கும் இருவரும் முள்ளைப் பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால் "இருங்கள், இது பச்சை இல்லை, மஞ்சள்" என்று சொல்ல அடுத்தவர் வேண்டும். மேல் பெர்த்தில் தூங்குபவரை எழுப்பி, கண்ணைக் கசக்கவிட்டுச் செய்யும் காரியமா இது? ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வும், இருவர் இருப்பதற்குச் சமமான பாதுகாப்பு ஒருவரால் கிடைக்கும் என்று நிரூபிக்க முடியவில்லை என்றே 2025-ல் சொல்லியிருக்கிறது. தண்டவாளத்தை விட்டு எங்கும் போக முடியாத, நினைத்தால் நின்றுவிடக்கூடிய மெயில் வண்டிக்கே லோகோ பைலட்டுடன் உதவியாளர் ஒருவரை வைத்து, சிக்னலைப் பார்த்ததும் இருவரும் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

ஆனாலும் அந்த யோசனை வேறு பெயரில் திரும்பி வரும். டிக்கெட் விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். இரண்டாவது பைலட்டின் சம்பளத்துக்காக என் டிக்கெட்டில் கொஞ்சம் கூடினாலும் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுவேன். ஜன்னலோர சீட்டுக்குத் தனியாகக் கேட்கிறார்களே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.