பயிற்சியாளர்களின் இனவெறிப் பேச்சை விசாரிக்கும் முறையைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்: ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், வெம்ப்ளி, லண்டன்.

அனுப்புநர்: தெற்காசிய, ஆப்பிரிக்க, கரீபிய வழிவந்த இளம் ஆட்டக்காரர்களின் பெற்றோர் சங்கச் செயற்குழு.

பொருள்: பயிற்சியாளர்கள் மீதான வசவு, இனவெறிப் புகார்கள் – விசாரணை, தண்டனை விதிகளில் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

நான்காம் நிலைத் தொடரில் ஆடிய கிராலி டவுன் அணியின் மேலாளராக இருந்த ஜான் யெம்ஸ் மீது, 2019 முதல் 2022 வரை பாகுபாடாகப் பேசியதாகக் கால்பந்துச் சங்கம் சுமத்திய 16 குற்றச்சாட்டுகளில் ஒன்றை அவரே ஒப்புக்கொண்டார், 11 மெய்ப்பிக்கப்பட்டன. எஞ்சிய நான்கும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுவதே நேர்மை. ஆசிய வழிவந்த ஆட்டக்காரர் ஒருவரிடம், பீட்சாவில் கறி இல்லையென்று வருத்தமா எனக் கேட்டதும், முஸ்லிம் ஆட்டக்காரர்களைப் பயங்கரவாதத்தோடு இணைத்துப் பேசியதும் இக்குற்றச்சாட்டுகளின் விசாரணையில் வெளிவந்தவை.

இத்தனைக்குப் பின்னரும், 2023 ஜனவரியில் 18 மாதத் தடை விதித்த தனி ஒழுங்குமுறை ஆணையம், அதாவது கால்பந்துச் சங்க நிர்வாகத்தைச் சாராமல் புகார்களை விசாரிக்கும் குழு, யெம்ஸ் அறிந்தே இனவெறி கொண்டவர் அல்லர் என்றும், அப்படி இருந்திருப்பின் தடை மிக நீண்டதாகவோ நிரந்தரமாகவோ அமைந்திருக்கும் என்றும் எழுதியது. மேல்முறையீட்டில் தடை மூன்றாண்டாக உயர்ந்ததை எங்கள் பெற்றோர் சங்கம் வரவேற்கிறது. ஆயினும் சொன்னவரின் உள்ளத்தைத் துழாவித் தண்டனையை அளக்கும் வழக்கத்துக்கு விதிகளில் இனியும் இடமிருக்கக் கூடாது என்பதே இம்மனுவின் மையம். கேட்டவர் அடைந்த இழிவு, சொன்னவரின் எண்ணத்தைப் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை.

பயிற்சியாளரின் சொல்லை உடைமாற்றும் அறையின் 'பேன்டர்', அதாவது சமநிலையில் உள்ளோர் ஒருவரையொருவர் சீண்டும் கேலி, எனக் கொள்வதும் பொருந்தாது. சனிக்கிழமை ஆடப்போகும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பவரும், பருவ முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என நிர்வாகத்திடம் சொல்பவரும் அவரே. அவரது கேலிக்குச் சிரிக்காத இளைஞன் அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர நேரலாம். அவன் சிரித்ததையே பின்னர் அவனது சம்மதத்துக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வகை நியாயம்?

விசாரிக்கும் முறையும் அதே அளவு கவலைக்குரியது. இங்கிலாந்துப் பெண்கள் தேசிய அணியின் அப்போதைய பயிற்சியாளர் மார்க் சாம்ப்சன் மீது அவ்வணியின் ஆட்டக்காரர் எனி அலுக்கோ 2016-இல் எழுப்பிய புகாரில், முதல் இரு விசாரணைகள் தவறேதும் இல்லையென முடிந்தன. கைது தொடர்பாகச் சாம்ப்சன் கேட்ட கேள்விக்கு ஆளானதாகச் சொல்லப்பட்ட மற்றோர் ஆட்டக்காரர் ட்ரூ ஸ்பென்ஸிடம் அவற்றில் வாக்குமூலமே பெறப்படவில்லை. மூன்றாவது விசாரணையில்தான் இருவரிடமும் இனப் பாகுபாடான சொற்கள் பேசப்பட்டதாக வழக்கறிஞர் கேத்தரின் நியூட்டன் முடிவு கூறினார். 2017 அக்டோபரில் கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்டது. நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கே இந்நிலை எனில், அகாதெமியில் பயிலும் பதினாறு வயதுப் பிள்ளையின் புகார் எவ்வளவு தூரம் செல்லும்?

எனவே, தண்டனையை வரையறுக்கும்போது பேச்சின் விளைவும் பேசியவரின் அதிகார நிலையுமே அளவுகோலாக வேண்டும் என்றும், எண்ணம் அறியாமையில் பிறந்தது என்ற வாதம் தடையைக் குறைக்கும் காரணமாக ஏற்கப்படலாகாது என்றும் விதியில் எழுதப்பட வேண்டும். புகாரைக் கிளப்புக்கு வெளியே உள்ள அலுவலர் பெற வேண்டும். விசாரணை முடியும்வரை, புகார் அளித்தவரின் அணித் தேர்வு, ஒப்பந்த முடிவுகளை அவ்வலுவலர் ஆய்வு செய்ய வேண்டும், ஏனெனில் பழிவாங்கல் பெரும்பாலும் 'ஆட்டத்திறன் போதவில்லை' என்ற வடிவிலேயே வருகிறது. புகாரில் பெயர் குறிக்கப்பட்ட சாட்சிகள் அனைவரையும் விசாரிக்காமலும், விசாரிக்க இயலாத காரணத்தைப் பதிவு செய்யாமலும் எந்தக் கோப்பும் மூடப்படலாகாது. குற்றம் சாட்டப்பட்ட பயிற்சியாளருக்குப் பதிலளிக்க உரிய வாய்ப்பு வழங்கப்படுவதும் இம்முறையின் பகுதியே.

இக்கோரிக்கைகள் மீதான முடிவை அடுத்த ஆட்டப் பருவம் தொடங்கும் முன் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு எங்கள் பெற்றோர் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
செயற்குழுவினர்